கிறுக்கு

லாங்டனில், சூளை ஆறிய மறுநாள் இரவு
கோப்பைகள் வாய் திறந்தன.
டிங்.
கொஞ்சம் பொறுத்து, வேறொரு மூலையில், டிங்.
காவலர் ஆர்னால்ட் டாம்ஸ்
கூரை ஒழுகுகிறதென்று வாளி தேடினார்.

மழை இல்லை.
மண் சுருங்கியதைவிட
மேலே பூசிய பளபளப்பு கூடுதலாய்ச் சுருங்கிவிட்டது.
பத்துப் பொருத்தம் பார்க்காத கல்யாணம்.
சட்டென்று உடையாது,
நாலு பேர் முன்னால் ஒழுகாது,
தோலுக்குள்ளேயே மயிரிழை மயிரிழையாய்
விட்டுக்கொண்டே போகும்.
அந்த ஊரில் இதற்குப் பெயர் கிரேஸ்.

ஐம்பத்தெட்டாம் வருடம் அது.
அதே சொல்லைத்தான் தெருவெல்லாம் சிறுமிகள்
இடுப்பில் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.
பிளாஸ்டிக் வளையம்.
பாதிரியார் வீட்டுப் புல்தரையில்கூட ஒன்று கிடந்தது,
யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.
முதலாளிக்கு மூக்கு வேர்த்தது:
வளையம் சுற்றும் பெண் படம் போட்டு
ஆறாயிரம் கோப்பை, கிறிஸ்துமஸுக்குள்.
அவசரத்தில் பூச்சில் எதையோ கூட்டினார்கள்,
எதையோ குறைத்தார்கள்.

எனிட் புளோர்,
தரம் பிரிக்கும் மேசையில் பத்தொன்பது வருடம்.
கோப்பையை விரல்நுனியில் தூக்கிப் பென்சிலால் ஒரு தட்டு.
நல்லது மணியாய்ப் பதில் சொல்லும்.
இவை தொண்டை கட்டிக்கொண்டு பேசின.
சிவப்பு மை தடவித் துடைத்தாள்:
வெள்ளைக்குள்ளிருந்து
கிளை பிரிந்து கிளை பிரிந்து
ஒரு ஆற்றின் கழிமுகம் எழுந்து வந்தது.
அத்தனை பெட்டியிலும் சாக்கட்டியால்
ஒரே சொல் எழுதினாள்: கிரேஸ்.
கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

லாரி ஏற்றுமிடத்தில் செசில், புதுப் பையன்,
போன வாரம்வரை செருப்புக்கடையில் இருந்தவன்.
சாக்கட்டி எழுத்தைப் படித்தான்.
ஓ, அந்தச் சரக்கா!
பிளாக்பூல் வண்டியில் முதலில் அதை ஏற்றினான்.

அவனைச் சொல்லி என்ன?
அந்தச் சொல்லின் வேரே உடைதல்தானாம்.
முதலில் பாத்திரம்,
பிறகு உடம்பு,
பிறகு புத்தி,
கடைசியில் ஊரோடு சேர்ந்து.

நாம் மட்டும் என்ன வாழ்கிறது.
கிறுக்கு என்றால் பித்து.
கிறுக்கு என்று குழந்தையிடம் சொன்னால்
சுவர் முழுக்கக் கோடு.
காலில் வருவதற்குப் பித்தவெடிப்பு என்று பெயர் வைத்தோம்.
குதிகாலுக்கு யார்மேல் பித்து என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பிளாக்பூல் கடற்கரைக் கடையில்
தலையில் துணி கட்டிய ஒருத்தி
கோப்பையை வெளிச்சத்தில் திருப்பினாள்.
அடியே, இங்கே பார்,
இவள் சுற்றுகிற வேகத்தில் காற்றே கீறியிருக்கிறது!
அவள் இரண்டு வாங்கினாள்.
அவள் தோழி ஆறு.
ஜனவரியில் கடிதம் வந்தது:
கோடு விழுந்தது இன்னும் எட்டாயிரம் வேண்டும்.
கோடு இல்லாதது அனுப்ப வேண்டாம்.

எங்கே பிசகினோம் என்பதை
ஒருவரும் குறித்து வைக்கவில்லை.
மூன்று சூளை சுட்டுப் பார்த்தார்கள்.
இந்த முறை பத்தும் பொருந்தித் தொலைத்தது.
எனிட் தட்டத் தட்ட
மணி, மணி, மணி.
முதலாளி தலையில் கை வைத்தார்.
ஈஸ்டருக்குள் வளையங்கள்
கரிக்கொட்டகை ஆணிகளுக்குப் போய்விட்டன.
எட்டாயிரம் நல்ல கோப்பைகளைச் சீண்ட ஆளில்லை.

முதல் சூளையில் ஒன்றை அவள் எடுத்து வைத்திருந்தாள்.
தினமும் தேநீர்.
தேநீர் கோடுகளுக்குள் இறங்கி
மெல்ல மெல்லப் பழுப்பாகிறது,
வளையக்காரியின் முழங்காலில் தொடங்கி.
புதிது வாங்கேன் என்கிறார் கணவர்.
ம் என்கிறாள்.

பிப்ரவரி இரவு.
அடுப்போரம் நாற்காலியில் கால் நீட்டி
குதிகாலில் வாஸ்லின் தேய்க்கிறாள்,
செங்கல் தரையில் நின்ற பத்தொன்பது வருடத்துக்கு.
அலமாரியில்

டிங்.

தலை தூக்கவில்லை.
அடுத்த காலை எடுத்து மடியில் வைக்கிறாள்.