கிராஞ்சி, ஏழாம் குழாய்

கடல் வற்றும் நேரம் காலை ஐந்து நாற்பது.
ஜொகூர் கரையில் விளக்குகள் இன்னும் அணையவில்லை.
ரோஸ்னா குழாயைப் பிடித்துக்கொள்ள
நான் சுத்தியலால் அடித்து இறக்கினேன்,
ஒரு மீட்டர் இருபது.
தொடைவரை சேறு.
மூச்சுவேர்கள் என் பூட்ஸைக் குத்திப் பார்த்தன.

ஆய்வுக்கூடத்தில் குழாயை நெடுக்காகப் பிளந்தோம்,
மீன் வயிற்றைக் கீறுவதுபோல்.
சாம்பல், சாம்பல், பழுப்பு, மட்டிச் சில்லு.
எழுபத்தொன்றாவது சென்டிமீட்டரில்
கறுப்பாக ஒரு கோடு.
கண்ணுக்குத் தீட்டும் மை அளவுதான்.

முகர்ந்து பார்த்தேன். விதிப்படி அது தவறு.
எண்ணெய். கரி.
நாற்பத்திரண்டு பிப்ரவரி,
ஓடையில் இறங்கிய எண்ணெய் பற்றிக்கொண்ட இரவு.
எந்தப் படை எந்தக் கரையில் என்பதற்குப்
பாடப்புத்தகத்தில் அம்புக்குறிகள் உண்டு.
எந்த நண்டு எந்த வளைக்குள் வெந்தது என்று
சேறு மட்டும் ஒரு வரி எழுதி
அதன்மேல் படுத்துக்கொண்டது.

கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை, ஒன்றுமில்லை.
மூன்று நாள் நுண்ணோக்கியில் தேடினேன்.
மகரந்தம் இல்லை. புழுத் துளை இல்லை.
இல்லை என்பதையும் கட்டத்துக்குக் கட்டம் நிரப்பவேண்டும்:
சுழியம், சுழியம், சுழியம்.

அறுபத்தேழில்
ஒரே ஒரு பெரணி வித்து.
ரோஸ்னா நாசி லெமாக் பொட்டலத்தோடு ஓடிவந்து
குனிந்து பார்த்து
'அடா' என்றாள்.
அவள் மொழியில் 'இருக்கிறது' என்று பொருள்.
என் மொழியில் வேறு.
நான் இரண்டையும் சொல்லிக்கொண்டேன்.

அறுபதில் வெண்கண்டல். ஐம்பத்தெட்டில் தில்லை.
யாரும் நட்டதாகப் பதிவில்லை.

இங்கேயே நிறுத்தியிருந்தால்
நல்ல கதையாக இருந்திருக்கும்.
குழாய் இன்னும் நாற்பது சென்டிமீட்டர் பாக்கி.
அங்கே மறுபடி கறுப்பு.
கோடில்லை, பட்டை.
அணைக்கு வெட்டிய மண்,
கப்பல் சாயத்தின் தகரம்,
நீல நைலான் இழை, நூடுல்ஸ் உறையின் ஓரம்.
விமானம் ஒன்றும் குண்டு போடாத ஆண்டுகள்.
நான் பிறந்து, பள்ளிக்குப் போய்,
வீவக வீட்டுக்கு வரிசையில் நின்ற ஆண்டுகள்.
சாண் வைத்து அளந்தேன்.
சாணுக்கு மேலும் இருந்தது.

அறிக்கைப் படிவத்தில் 'மாசு வந்த காரணம்'
ஒற்றைக் கட்டம்.
ரோஸ்னா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
கிளம்பிவிட்டாள்.

அவள் எடுத்த படம் மேசையில் கிடக்கிறது:
நாங்கள் குழாயை உருவிய ஓட்டை,
பாதி நீர்,
விளிம்பில் ஒரு நண்டு,
ஒரு கொடுக்கு உள்ளே.

வியாழக்கிழமை எட்டாம் குழாய்.
கயிறு வாங்கவேண்டும்.