ஆளுக்கு இரண்டு நிமிடம்

"உள்ளாட்சியின் கடமைகள்" என்று
திரையில் எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.
முப்பத்தொரு கட்டங்கள், எல்லாம் ஊமை.
சாயல்குடி ரிஃபாஸ் மட்டும் பேசினான்,
தெருவிளக்கு பற்றி, புத்தகத்தில் உள்ளபடி.

மூக்கையூர் நம்புச்செல்வி
ஆடி முழுக்க வாய் திறக்காதவள்
மைக்கைத் திறந்தாள்.
காற்று. ஒரு நாய்.
காலிக் குடங்கள் ஒன்றையொன்று முட்டும் சத்தம்.
"மிஸ், லாரி வந்திருச்சு."
அவள் கட்டத்தில் இப்போது
மொட்டைப்பனையும் பாதி வானமும்.

யாரும் சிரிக்கவில்லை.
வாலிநோக்கத்தில் ஒரு மைக் திறந்தது:
"எங்க பக்கம் குடம் பதினஞ்சு ரூபா. அங்க எவ்வளவு?"
"நேத்து வரவே இல்ல," என்றது ஏர்வாடி.
"யார்கிட்ட கேக்கணும்?"
"மொதல்ல யாரு கேக்குறது?"
விடை என் நுனிநாக்கில் இருந்தது.
என் மைக்கை அடைத்துக்கொண்டேன்.

மூச்சிரைக்கத் திரும்பினாள், சட்டைக்கை நனைந்து.
"மிஸ், என்னோட ரெண்டு நிமிஷம்
முடிஞ்சிருச்சா?"