மூன்றாவது ஓலை

இரண்டு ஞாயிறு எங்கள் ஓலையை வாசித்தார்கள்.
மண்டபம் செலஸ்தினாவுக்கும்
மூக்கையூர் பெர்க்மான்ஸுக்கும்
தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள்
பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.
யாரும் சொல்லவில்லை.
மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை
நானே போய்ச் சொன்னேன்.

என்ன தடை என்றார்.
மாதக் கடைசியில் வேலையை விடுகிறேன் என்று
என் மேனேஜரிடம் அவன் போய்ச் சொல்லியிருந்தான்.
என்னிடம் சொல்ல மறந்திருந்தான்.
இது தடையில் சேருமா சாமி?
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை கூரியரில் விசா வந்தது.
தேனிலவுக்கு விண்ணப்பித்தது. இருபத்தேழு நாள்.
ராமநாதபுரம் ஏஜென்ட் கூப்பிட்டார்:
அவர் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டார்மா,
உங்களதையும் சேர்த்து...
வேண்டாம் என்றேன்.
என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.
போக ஒன்பது நாள் இருந்தது.

கடலுக்கும் இப்போது தடைதான், அறுபத்தொரு நாள்.
கச்சான் கிளம்பித் தென்கடல் முரண்டு பிடிக்க
வடகடல் தட்டில் ஊற்றிய எண்ணெயாய்க் கிடக்கிறது.
படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது.
கம்பெனியில் லோடு இல்லை.
பழைய ஏற்றுமதிச் சான்றிதழின் பின்பக்கம்
என் பயணத்தை எழுதுகிறேன்.

அவன் பிடித்து வைத்திருந்தது பனிமலை.
அதை அடித்தேன்.
ஒன்பது வருடமாய் 'போகுமிடம்' என்ற கட்டத்தில்
நான் தட்டச்சு செய்த ஊர்கள் கைக்குத் தானாக வந்தன:
வீகோ. மார்செய். லிவோர்னோ.
என் கையெழுத்தோடு எனக்கு முன்னால் போன
ஊசிக்கணவாயை அங்கே எவள் தராசில் போடுகிறாள்,
கிலோ என்ன சொல்கிறாள்,
அது தெரிய வேண்டும் எனக்கு.

தனியாவா? என்றாள் பேக்கிங் நூருன்னிஸா.
இருபது டன் கணவாயும்
தொணைக்கு ஆள் கூட்டிக்கிட்டா போச்சு?
சிரித்தாள். அப்புறம்
மைனஸ் பதினெட்டு அறைக்குள் போட்டுக்கொள்ளும்
ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.
இறால் வாசம். இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.

தையல்காரர் போன் செய்தார், அவருக்கு யாரும் சொல்லவில்லை.
கல்யாண ரவிக்கை ரெடியாம்.
உள்பக்கம் ஒரு பை வைங்க அண்ணாச்சி என்றேன்,
பாஸ்போர்ட் நுழையற அளவு.
கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
சிப் வைக்கணுமா என்று மட்டும் கேட்டார்.

அம்மா என்னோடு பேசுவதில்லை.
மண்டப அட்வான்ஸ் திரும்பாது என்பதை
மீன் கழுவும் தண்ணீரிடம் சொல்கிறாள்.

காப்பீட்டுப் படிவத்தில்
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், உறவு.
அவன் பெயரும் எண்ணும் அச்சாகியே வந்திருந்தன.
அடித்துவிட்டு அண்ணன் பெயரை எழுதினேன்.

அண்ணன் ராயப்பன் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தான்.
கோடு தாண்டியதாகப் பிடித்து
யாழ்ப்பாணச் சிறையில் நாற்பத்தொரு நாள் வைத்திருந்தார்கள்.
படகு இன்னும் அங்கேதான் இருக்கிறது,
பாதி தண்ணீரில்.
ஒரே விசாதான், நாலு நாடு போறேன் என்றேன்.
எல்லையில நிறுத்த மாட்டாங்களாம்.

ஊசி நின்றது.
கோடு இல்லையா?
இருக்கும். வண்டி பாட்டுக்குப் போகுமாம்.
எவனும் புடிக்க மாட்டானா?
மாட்டான்.
வண்டியப் புடுங்கிக்க மாட்டானா?
ரயிலுண்ணே அது.

வலைக்கண் ஒன்றில் விரலை விட்டு
விரித்தபடியே இருந்தான்.
பின்ன எப்பிடித் தெரியும்,
இந்த நாடு முடிஞ்சு அடுத்தது வந்திருச்சுன்னு?

எனக்குத் தெரியவில்லை.
பார்த்துட்டு வந்து சொல்றேன் என்றேன்.

ஜூன் பதினான்கு நள்ளிரவு தடை முடியும்.
பக்கத்து வீட்டுப் படகில் கூலிக்கு அவன் இறங்குவான்.
அதற்கு இரண்டு நாள் முன்னதாக
நான் திரும்பிவிடுவேன் என்று
எழுதியிருக்கிறேன்,
பென்சிலில்.