தக்காளி லாரி கவிழ்ந்த மாலை

சேலத்தில் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை முடித்து
இடது கன்னம் மரத்துப்போய்
தருமபுரிப் பேருந்தில் வருகிறேன்.
தொப்பூர் இரட்டைப் பாலத்துக்கு முன்னால்
ராயக்கோட்டைத் தக்காளி லாரி ஒன்று
நடுத்தடுப்பை உடைத்துக்கொண்டு வந்து
எங்கள் பக்கம் குப்புறக் கிடந்தது.
டிரைவருக்கு ஒன்றுமில்லையாம்.
கண்டக்டர் மாதையன் இறங்கிப் பார்த்துவந்து
"மூணு மணி நேரம் ஆகும், தூங்குங்க" என்றார்,
கையில் நாலு தக்காளியோடு.

செல்போன் செத்துவிட்டது.
பாதி படித்த பஞ்சங்களின் வரலாறு
பல் டாக்டரின் நாற்காலியில் இருக்கிறது.
பக்கத்து இருக்கையில் நர்ஸிங் படிக்கும் பெண்
வாய் திறந்து தூங்குகிறாள்.
அவள் மடியிலிருந்து நழுவி
என் செருப்பின் மேல் விழுந்தது அந்த நாவல்.
அட்டையில் ரோஜா நிற மேகம்,
அதற்குக் கீழே கோபமாக ஒரு தாடி.

நான் இந்த வகையறா படிப்பதில்லை.
பதினேழு வருடமாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் தட்டச்சர்.
காலையில் "மேற்படி எதிர்மனுதாரர்",
மதியம் "சேர்ந்து வாழ இயலாத நிலையில்",
ஐந்து மணிக்கு மூன்று நகல்.
வேப்பெண்ணெய் ஆட்டுகிறவள்
தேன் வாங்கி என்ன செய்ய?

சரி, ஒரு பக்கம். சிரிப்பதற்கு.

நாயகன் நிரஞ்சன். மூன்று தேயிலை எஸ்டேட்.
நாயகி மிதுலா. மழை வரும் நாளாகப் பார்த்துக்
குடையை மறப்பவள்.
பன்னிரண்டாம் பக்கத்தில் கையைப் பிடித்து இழுக்கிறான்:
எந்தச் சட்டப் பிரிவென்று மனதில் குறித்துக்கொண்டேன்.
முப்பதாம் பக்கத்தில் கட்டாயக் கல்யாணம்:
செல்லாது.
நாற்பத்தொன்றில் தவறாகப் படித்த ஒரு கடிதம்,
அதற்காக எண்பது பக்கம் இருவரும் பேசுவதில்லை.
அடப் பாவிகளா, ஒரு வாக்கியம்,
ஒரே ஒரு வாக்கியம் கேட்டால் தீர்ந்துபோகுமே!
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எப்போது சிரிப்பதை நிறுத்தினேன், தெரியவில்லை.
வெளியே இருட்டில் டார்ச் அடித்து
ஜனம் தக்காளி பொறுக்கியது.
நான் எழுந்துபோய், கோர்ட்டில் வேலை என்கிற தோரணையில்,
உள்விளக்கைப் போடச் சொன்னேன்.

அவளுக்குக் காய்ச்சல்.
அவனுக்கு ரசம் வைக்கத் தெரியாது.
மூன்று முறை வைத்து மூன்று முறையும் கொட்டி
நான்காவதை டம்ளரில் ஊற்றி
கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறான்,
தட்டாமல்.
ஆறிப்போகும்டா முட்டாள், என்றேன்.
ஆறித்தான் போனது.
அவள் அதை எடுத்து
நின்றபடியே குடித்தாள்.

கன்னத்தில் மருந்து இறங்கத் தொடங்கியிருந்தது.
வலித்தது.
கண்ணில் வந்த நீருக்கு அதுவே காரணம்
எனப் பதிவு செய்துகொள்ளவும்.

"ஆன்ட்டி, எங்க வந்திருக்கீங்க?"
பெண் விழித்துவிட்டாள்.
"தொப்பூர்லதான் இன்னும் நிக்குது."
"அய்ய, கதையில."
"ரசம்" என்றேன்.
நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "முடிவு சொல்லட்டா?"
"வேண்டாம்."

சேர்ந்துவிடுவார்கள். அட்டையே சொல்கிறதே.
என் மேசைக்கு வரும் கதைகளுக்கும்
முதல் வரியிலேயே முடிவு தெரியும்.
இருந்தும் ஒவ்வொரு எழுத்தாக
அடித்துத்தான் அங்கே போகவேண்டியிருக்கிறது.

நல்லம்பள்ளியில் இறங்கும்போது
புத்தகத்தை என் பையில் செருகிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, பரஸ்பர சம்மத மனு.
"மனுதாரர்கள் இருவரும் விரும்பி மணந்துகொண்டவர்கள்."
கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற வரி.
"விரும்பி"யில் விரல் தடுக்கி
இரண்டு "ரு" விழுந்தது.
ஒன்றை அழித்தேன்.

டிராயரில், ரப்பர் முத்திரைகளுக்கு அடியில்
ரோஜா நிற மேகம்.
இன்னும் இருபத்திரண்டு பக்கம்.
"ரொம்ப நேரமா என்னக்கா தேடுறீங்க?"
என்றாள் எதிர் மேசை ஜபீனா.
ஸ்டேப்ளர், என்றேன்.
அது என் முன்னாலேயே இருந்தது.