ஆறரை அடி

கார்ஸ்விக் மைதானம் சமதளம் அல்ல.
தேவாலயப் பக்கக் கோலுக்கும்
தோல் ஆலைப் பக்கக் கோலுக்கும்
ஆறரை அடி ஏற்றம்.
அளந்து எழுதியவர் எனோக் த்வெய்ட்,
ஆலையின் கணக்குப்பிள்ளை,
சங்கத்தின் முதல் செயலாளர்,
ஒரு நாள்கூடப் பந்தைத் தொடாதவர்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழில்
முதலாளி இலவசமாகக் கொடுத்த நிலம்.
ஏன் இலவசம் என்பது
முதல் மழையில் தெரிந்தது.

பந்தும் ஆலையில்தான் பிறந்தது.
கழித்துப்போட்ட மாட்டுத்தோல் ஆறு துண்டு,
உள்ளே பன்றியின் மூத்திரப்பை.
நனைந்தால் கனம் இரட்டிக்கும்.
தலையால் முட்டியவன்
திங்கள் மாலை வரைக்கும்
மனைவி பெயரை யோசித்துத்தான் சொல்வான்.

நாணயம் சுண்டி ஜெயித்தால்
எங்கள் தலைவன் கேட்பது எப்போதும் ஒன்றே:
முதல் பாதியில் மேட்டை நோக்கி.
"ஏறிடுவோம் முதல்ல. இறங்கறது தானா நடக்கும்."
நூற்றி முப்பது வருடத்தில்
சங்கத்துக்கு இருந்த கொள்கை அதுமட்டும்.

ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள் என்னை.
சனிக்கிழமைகளில் சுழல்கதவில் உட்காருகிறவள்;
எண்ணத் தெரியும், எழுதவும் தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

குறிப்பேட்டில் பதினைந்தாம் வருடம் ஒரே வரி:
"வலைகளை மடித்து வைக்கவும்."
பதினொருவர் போனார்கள்.
நால்வர் வந்தார்கள்.
அதில் ஓடக்கூடியவன் ஒருவன்.

அறுபத்தொன்றில் ஒரு வருடம் மேல் பிரிவில் ஆடினோம்.
கசாப்புக்கடை லெனார்ட் பிக்கப் கோல் காத்தார்,
தொண்ணூற்று மூன்று கோல் வாங்கினார்,
அந்த வருடம் அவர் கடையில் யாரும் கடன் சொல்லவில்லை.
எண்பத்து மூன்றில் ஆலை மூடியது.
நாற்றம் போக இன்னும் நான்கு கோடை ஆனது.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.
மரக்கூரைக்குக் கீழே பெயிண்டில் எழுதியிருப்பதும் தெரியும்:
அதிகபட்சக் கூட்டம் 4,380. ஆண்டு 1934.

சென்ற பனிக்காலத்தில் அந்தக் கூரையைப் பிரித்தார்கள்.
பலகைக்குப் பின்னால் பிஸ்கட் டின் ஒன்று,
உள்ளே கிழிந்த நுழைவுச் சீட்டுகள்,
நூறு நூறாக நூல் கட்டி.
1920, கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.
பெண்கள் ஆட்டம். வசூல் ஊர் மருத்துவமனைக்கு.

மூன்று இரவு சமையலறை மேசையில் எண்ணினேன்.
ஏழாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
அப்போது ஊரின் ஜனத்தொகையே ஐயாயிரம்.

அடியில் நடுவரின் பென்சில் குறிப்பு:
ஓல்ராய்ட், ஹெட்டி. எழுபத்தெட்டாம் நிமிடம். மேட்டுப்பக்கம்.
தோலிலிருந்து சதை சுரண்டும் அறையில் வேலை செய்தவள்,
நாணயத்தில் தோற்று,
இரண்டாம் பாதியில் ஏறியவள்.

அடுத்த வருடம் லண்டனிலிருந்து கடிதம் வந்தது,
இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒவ்வாது என்று.
குறிப்பேட்டில் அந்தப் பக்கம் இல்லை.
பிளேடால் நறுக்கிய விளிம்பு இருக்கிறது,
மிக நேராக.

தலைவர் கிளெமென்ட் பாட்ஸ்
டின்னைப் பார்த்தார், மூடிவைத்தார்.
"நட்பு ஆட்டம்தானே அம்மா.
கணக்கில் வராது."

மே மாதம் புல்டோசர் வருகிறது.
மைதானத்தைச் சமமாக்காவிட்டால்
லீக்கில் இடமில்லையாம்.
போன சனிக்கிழமைதான் சரிவில் கடைசி ஆட்டம்.
நூற்று அறுபத்து மூன்று பேர், ஒரு நாய்.
முதல் பாதியில் ஏறினோம்.
இரண்டாம் பாதியில் இறங்கியும் தோற்றோம்.

எல்லோரும் போன பிறகு
சுழல்கதவை வெறுங்கையால் சுற்ற ஆரம்பித்தேன்.
நூற்று அறுபத்து நான்கு. நூற்று அறுபத்து ஐந்து.
ஒவ்வொன்றுக்கும் அந்த இரும்பு
ஒருமுறை முனகிவிட்டுத்தான் வழிவிடும்.
ஆயிரத்தில் கை மாற்றினேன்.
மூவாயிரத்தில் கோட்டைக் கழற்றினேன்.
பத்தரை மணிக்கு எண்காட்டி 7,211-ல் நின்றது.
பூட்டிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பொருளாளர் பார்ப்பார்.
தலைக்கு ஐந்து பவுண்ட், பணம் எங்கே என்பார்.

மருத்துவமனைக்குக் கொடுத்தாயிற்று என்பேன்.