சலவை அறைச் சாவி

பீல் நகரில் எங்கள் கட்டடத்துக்கு
ஒரே ஒரு சலவை அறை, நிலத்துக்குக் கீழே.
அதன் சாவி வீடு வீடாகப் போகும்.
தோய்த்து முடித்தவர்
வடிகட்டியில் ஒட்டிய பஞ்சை எடுத்துவிட்டு
அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும்.
ஞாயிறு யாரும் தோய்க்கக் கூடாது. சட்டம்.

ஆகவே ஞாயிறு அது காலியாகக் கிடந்தது.
எண்பத்தொன்பதின் பனியில்
றெஜீனா அந்தச் சாவியை வைத்துக்கொண்டாள்,
சனிக்கிழமைக்காரி அவள்தான் என்பதால்.

மூன்று பேர்.
ஹோட்டல் விரிப்புகளைத் தோய்த்தே விரல் வெடித்த றெஜீனா.
அவளுக்குப் பயந்து வந்த மச்சான் சவிரிமுத்து.
மூன்றாவது நான்,
நெற்றியில் திருநீறு, காலில் ஓட்டைச் சப்பாத்து.
செபிக்கப் போகவில்லை.
சுவரோரம் ஒரு சுடுநீர்க் குழாய் போனது,
அதில் முதுகைச் சாய்க்கப் போனேன்.
'இரும்' என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மழையில் ஊறி உப்பிய வேதப்புத்தகம் அவளுடையது.
எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.
ஒருநாள் கல்லறைக் கதை.
வாசித்ததைவிடக் கதைத்ததே அதிகம்:
'உள்ளே ஆளில்லை. துணி மட்டும்.
தலையில் கட்டின துண்டு
தனியே, மடிச்சு, ஒரு பக்கமாய் இருந்ததாம்.
பார்த்தீரா, களவெடுக்க வந்தவன் துணி மடிப்பானோ?'
தோய்க்கிறவளுக்குத்தான் அது கண்ணில் படும்.

பிறகு அந்தப் பெண்கள் நடுங்கி ஓடியதை வாசித்தாள்.
பயத்தில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லையாம்.
'அப்ப உமக்கு எப்பிடித் தெரியும்?' என்றேன்,
வழக்காடும் குரலில்.
விரலை வரியில் வைத்தபடியே யோசித்தாள்.
சவிரிமுத்து கொட்டாவி விட்டான்.
'தெரியேல்லை' என்றாள் கடைசியில்.
'ஆரோ ஒருத்தி, வாயை மூடி வைச்சிருக்க ஏலாமல்
சொல்லிப்போட்டாள் போல.'

அன்றிரவு உணவகத்தில் தட்டுக் கழுவும்போது
அந்த ஒருத்தியையே நினைத்தேன்.
எந்தக் கிணற்றடியில், யாரிடம் உளறியிருப்பாள்?
அவள் உளறியது கடல் தாண்டி,
வலை இழுப்பவர்கள் வாயால் மன்னாருக்குப் போய்,
பிறகு ஒரு லொறியின் அடித்தட்டில் ஒளிந்து
இந்தச் சவர்க்கார வாசனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மெதுவாய்த்தான் பாடினோம்.
குழாய்க்கு அது தெரியாது,
நாலாம் மாடிவரை கொண்டுபோய்க் கொடுத்தது.
பராமரிப்பாளர் அஃபோல்ட்டர் அறிவிப்பு ஒட்டினார்:
ஞாயிறு சத்தம் கூடாது.
மூன்று வாரம் வெறுமனே வாயசைத்தோம்.
நாலாவது வாரம் அவரே இறங்கி வந்தார்,
காதுவரை சிவந்து.
மேலே படுக்கையோடு கிடக்கும் ஜான்னரே அம்மா
தன் சுவர் ஏன் இப்போது பாடுவதில்லை
என்று கேட்கிறாராம்.

பரவியது என்கிறார்கள்.
தீயைப் போல என்றால் பொய்.
கொஞ்சம் குழாயால்.
கொஞ்சம் சண்டையாலும்:
காணிக்கைக் கணக்கில் முரண்பட்டுச் சவிரிமுத்து
இரண்டு தெரு தள்ளி வேறு சபை தொடங்கினான்,
அங்கே இப்போது எங்களைவிடக் கூட்டம்.
றெஜீனா மகளோடு டொரொன்டோவுக்குப் போனாள்.
பெருநாளுக்கும் போன் எடுப்பதில்லை.

எங்களுக்கு இப்போது ஊர்த் தேவாலயம்,
வாடகைக்கு, பிற்பகல் மூன்று மணி.
காலையில் ஒன்பது முதியவர்கள் விட்டுப்போன சூட்டில்
நூற்றுப்பத்துப் பேர் உட்காருகிறோம்,
நாலு எரித்திரியர், தாதியான ஒரு சுவிஸ் பெண் உட்பட.
மணி எங்களுக்கு அடிப்பதில்லை.
தமிழ் எழுத்துத் தெரியாத பையன் ஒருவன்
கைபேசியில் ஆங்கில எழுத்தில் குறித்துவைத்துச்
சங்கீதம் வாசிக்கிறான். ழகரம் வழுக்குகிறது.
யாரும் திருத்துவதில்லை.

நான் எப்போது நம்பினேன் என்று கேட்காதீர்கள்.
திருநீறு பூசாத முதல் காலை எனக்கு ஞாபகமில்லை.
முதுகில் சூடேறிய நாள் மட்டும் ஞாபகம்.

இன்று சனி. இப்போது அது என் முறை.
விரிப்புகளை மடித்தேன்.
முகம் துடைக்கும் துண்டை மட்டும், கை பழகிப்போய்,
தனியே ஒரு பக்கமாய் வைத்தேன்.
சாவிக்காக வாசலில் நின்றாள்
மூன்றாம் மாடிக்குப் புதிதாய் வந்த பெண்.
'அது மட்டும் ஏன் தனியாக?'

பஞ்சை எடுத்துவிட்டுச் சாவியை நீட்டினேன்.
ஒன்றுமில்லை என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.