சுவருக்கு அந்தப் பக்கம்

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
ஆயுதம் எதற்காகத் தேவை?
'ராத்திரி தூங்குவதற்கு' என்று எழுதினேன்.
கலெக்டர் ஆபீஸ் கிளார்க் சிரிக்காமல் அதை அடித்துவிட்டு
'உயிர், உடைமைப் பாதுகாப்பு' என்று
தன் பேனாவால் எழுதிக்கொண்டார்.

உடைமை: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி வீடு,
கீழே பட்டறை, மேலே பீரோவில் எந்நேரமும்
பதினெட்டுக் கிலோ வெள்ளி,
கொலுசாகவும் கொலுசாகப் போகும் கம்பியாகவும்.
உயிர்: நான், தாட்சாயணி,
வேலை தேடுவதாகச் சொல்லும் அவள் தம்பி.

பின் தெருவில் ஒரு பட்டறையை உடைத்து
உருக்கு அடுப்பின் சாம்பலைக்கூட விடாமல்
அள்ளிப்போன மாதத்தில் வந்த யோசனை.
லைசென்ஸ் வர ஒன்றரை வருடம்.
பயம் அதற்குள் பழசாகிவிட்டது.
கட்டின பணம் இருக்கிறதே.

கடையில் திரவியம் மூன்றை எடுத்து வைத்தார்.
எடை பார்த்தே பழகிய கை எனக்கு.
இரட்டைக்குழலைத் தூக்கியதும்
மூன்று கிலோ நூறு என்றது.
தராசு மூன்று நூற்றிருபது என்றது.
இருபது கிராமைத் தோல்வாருக்குக் கழித்துக்கொண்டேன்.

இது, சத்தத்துக்கே ஆள் ஓடிவிடுவான்.
இது பாயிண்ட் டூ டூ, சன்னம், குறி பிசகாது,
ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் அட்டை சுட ஏற்றது.
இந்த ரிவால்வர் தலையணைக்கடியில் அடங்கும்,
அடங்குவதுதான் இதில் வில்லங்கம்.
விலை கேட்க வாயெடுத்தேன்.
அவர் முந்திக்கொண்டார்:
'வீட்டுச் சுவர் எத்தனை இஞ்சுங்க?'

நாலரை. ஒற்றைக் கல்.

'அந்தப் பக்கம்?'

அந்தப் பக்கம் ஜபருல்லா வீடு.
என் கூடம் முடிகிற இடத்தில்
அவர்கள் தூளி தொங்குகிறது.
கொக்கி அடித்த அன்று எங்கள் காலண்டர் விழுந்தது.
குழந்தை அழுதால் தாட்சாயணி
இந்தப் பக்கமிருந்தே 'யாரு, யாரு அடிச்சா' என்பாள்.
சில நாள் அது நிறுத்தியும் விடும்.

ஜருகுமலை அடிவாரத்தில் கிளப்.
பயிற்சி தரும் ரெஜினாவுக்கு இருபத்திரண்டு வயது,
சார் சார் என்றே அதட்டுவாள்.
'அட்டையப் பாக்காதீங்க சார்.
அட்டைக்குப் பின்னால மண்மேடு இருக்கா, அதப் பாருங்க.'
இருந்தது. இரண்டு ஆள் உயரச் செம்மண்,
அதற்குள் எத்தனை வருடத்து ஈயமோ.
கண்ணி பற்றவைக்கும்போது ஊதுகுழலில் நிறுத்துவதுபோல
மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.
பத்தில் ஏழு, கறுப்புக்குள்.
ஐம்பத்து மூன்று வயதில்
வீடு வரும்வரை விசிலடித்தேன்.

பாயிண்ட் டூ டூ வாங்கினேன்.
மிச்சப் பணத்தில் மாடிப்படிக்கு இரும்புக் கதவு.
தோட்டா தாட்சாயணியின் மளிகை அலமாரியில்,
சாவி அவள் தாலிக்கயிற்று ஊக்கில்.

போன மாசி ஒரு ராத்திரி, இரண்டே கால் மணி,
படியில் ஏதோ உரசியது.
வெறும் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி நின்றேன்.
எந்தத் திசையில் திருப்பினாலும்
முனைக்கு நேரே யாரோ தூங்கினார்கள்.
கிழக்கே தூளி.
மேற்கே, மில்லில் ஷிப்டு முடித்துப் படுத்த மரகதம்.
கீழே, பட்டறையிலேயே தங்கும் மூன்று பையன்கள்.
தலைக்கு மேலே மட்டும் யாருமில்லை,
தண்ணீர்த் தொட்டி.

தாட்சாயணி லைட்டைப் போட்டாள்.
படியில் ஒன்றுமில்லை.
பாத்ரூம் போனதாகத் தம்பி சொல்கிறான்.
நம்புவதாக நானும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது தேர்தல்.
ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.
நம்பரைக் குறித்துக்கொண்ட ஏட்டு எடையைக் கேட்கவில்லை,
நானே சொன்னேன்: இரண்டு கிலோ எழுநூறு.
ரசீது சட்டைப்பையில் நாலாக மடிந்திருக்கிறது.

தூளிக் கொக்கி கிரீச்சிடும் இடத்தைக் காதால் தேடி
சுவரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன்,
இங்கே கூடாது என்பதற்கு.
பார்த்தால் கிளப் அட்டை போலவே இருந்தது.
தாட்சாயணி ஒன்றும் பேசவில்லை.
ஆணியடிக்காமல், பசை தடவி,
காலண்டரை அதன்மேல் ஒட்டிவிட்டாள்.